தேன் இல்லாத பூவுக்கு வண்டு எதற்கு?

"ஆவாரம்பூவில் தேனே கிடையாதாமே, பிறகு கருவண்டு எதற்கு அதைச் சுற்றுகிறது?" என்று உசிலம்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூவை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். நேராக வண்டுக்குப் போய்விடலாம்.

தேன் இல்லைதான். வண்டுக்குக் கூலி மகரந்தம். ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள்: பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும். மேலே மூன்று மலடு, நடுவில் உள்ளவை குட்டை, கீழே மூன்று நீண்டு வளைந்தவை. பல பூக்களில் மகரந்தப்பை வெடித்துத் தூள் தானாக வெளியே வந்துவிடும். ஆவாரையில் பையின் நுனியில் சின்னத் துளை மட்டுமே. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா என் முகத்துக்கு எடுத்த பவுடர் டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும்.

வண்டு அதைத்தான் செய்கிறது. பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அடிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடுகிறது. வழக்கமான ரீங்காரத்தைவிடச் சுருதி ஏறிய ஓர் உறுமல் எழும். பூக்கும் காலத்தில் கீழக்குயில்குடிப் பக்கம் காலையில் போனால் காதில் விழும். கூடு கட்டித் தேன் சேர்க்கும் நம் தேனீக்கு இந்த வித்தை வராது. குட்டைத் தாள்களின் தூள் வண்டுக்குச் சாப்பாடு. நீண்ட தாள்களின் தூள் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஒரே பூவில் இப்படி இரண்டு வேலைக்கு இரண்டு வகைத் தாள் இருப்பதைப் பற்றி ஜெர்மானியர் ஹெர்மன் முல்லர் 1880களிலேயே எழுதினார்.

மனிதர்களுக்கு வேறு கணக்கு. சங்க காலக் காதலன் மடலேறும்போது ஆவிரை சூடினான். பிறகு வந்தவர்கள் தோல் பதனிடப் பட்டையை உரித்தார்கள். இப்போது பூவைக் காயவைத்துச் சர்க்கரை நோய்க்கென்று பாக்கெட்டில் விற்கிறார்கள். செடி நிற்கும் நிலத்துக்கு மட்டும் 'தரிசு' என்று பெயர். அதையும் சீமைக் கருவேலம் பாதி பிடித்துக்கொண்டது. மீதியில் பொக்லைனை விட்டுப் புதரை வழித்தெடுத்த பிறகு மரம் நடு விழா நடத்துகிறோம். எனக்கு இது விளங்கவேயில்லை.

கருவண்டு காய்ந்த கட்டையைத் துளைத்துக் குடியிருப்பது. தோட்டத்துப் பட்டமரத்தைப் பார்த்ததும் விறகுக்கு வெட்டாதீர்கள். கத்தரிப் பூவின் மகரந்தப்பைக்கும் நுனியில்தான் துளை. அதைக் குலுக்க வருவதும் இதே வண்டுதான்.