அமாவாசைக் கடையில் உடைந்த சரக்கு யார் கணக்கில்?

நம் செஞ்சி வட்டாரத்தில் திருவிழாக் கடை போட்டுப் பார்க்காத மளிகை வியாபாரி குறைவு. மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயில் தேருக்கும் கடை போட்டிருக்கிறோம். மேல்மலையனூர் அங்காளம்மன் அமாவாசைக்கும் போட்டிருக்கிறோம். முன்னது பகல் வியாபாரம். பின்னது நள்ளிரவு வியாபாரம். அதன் கணக்கே வேறு.

மேல்மலையனூர் செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஒவ்வொரு அமாவாசை இரவும் அங்கே ஊஞ்சல் உற்சவம். மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை அம்மன் சோற்றை இறைத்துக் கீழே இறக்கி, காலால் மிதித்து அடக்கியதாக ஐதீகம். அதனால் அன்று மயானத்தில் தானியம், காய்கறி, நாணயம் எல்லாவற்றையும் மக்கள் சூறை விடுகிறார்கள். பேய், பில்லி, சூனியம் என்று மனம் கலங்கியவர்கள் விடுதலை தேடி வரும் இடமும் அதுதான்.

அங்கே போகும் சரக்கு நமக்குத் தெரிந்ததே: கற்பூரம், எலுமிச்சை, குங்குமம், பூசணி. அவற்றோடு வாசலில் மாட்டும் திருஷ்டி முகத்துக்கும் நல்ல கிராக்கி உண்டு. சுடுமண்ணில் செய்து, கையால் வண்ணம் தீட்டிய முகங்கள் அவை.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் மயானக் கொள்ளைக்காக, தெரிந்த மண்பாண்டத் தொழிலாளி ஒருவரிடம் 200 முகங்கள் எடுத்தோம். விற்றால் முகம் ஒன்றுக்கு 40 ரூபாய், விற்காவிட்டால் திருப்பித் தருவது என்று பேச்சு. விற்பனை விலை 70 ரூபாய். நள்ளிரவு நெரிசலில் கூட்டம் கடைமீது சாய்ந்து 31 முகங்கள் உடைந்தன. மீதி 169 விற்றுவிட்டன. மொத்த லாபம் 5,070 ரூபாய். தரைவாடகை 1,500, வண்டி 800, இரண்டு பையன்கள் கூலி 1,000 போக நின்றது 1,770.

உடைந்த 31-க்கும் நாம் பணம் தரவில்லை. “முதலாளி, உடைஞ்சது உங்க கடையிலதானே?” என்று அவர் கேட்டார். “விற்றதுக்குத்தானே பேச்சு” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஆண்டு அவர் சரக்குத் தரவில்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் முகங்களை வாங்கிப் போட்டோம். அதே முகம் பத்துக் கடையில் தொங்கியது. விலையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பாதிக்கு மேல் வீட்டுக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் பழைய கணக்கைப் புரட்டினோம். அவருக்குத் தராத தொகை 1,240 ரூபாய். தந்திருந்தால் நமக்கு நின்றிருப்பது வெறும் 530. அதாவது, நமது லாபத்தில் பெரும்பகுதி அவருடைய நட்டம்தான். வைக்கோல் வைத்துக் கட்டாததும், கடைக்கு முன் மூங்கில் தடுப்புக் கட்டாததும் நமது குற்றம். தண்டம் மட்டும் அவருக்கு!

அவர் வீட்டுக்கே போய் 1,240 ரூபாயைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் ‘விற்றால் காசு’ என்ற பேச்சுக்கு இனி வரமாட்டேன் என்றார். அது நியாயம்தான்.

இப்போதைய நடைமுறை

திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி, பாதிப் பணம் முன்பணமாகத் தருகிறோம். மண் நிழலில் பொறுமையாகக் காய்ந்த பிறகே சூளைக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். விறகுக்கும் வண்ணத்துக்கும் அவர் வட்டிக்கு வாங்க வேண்டாம். சரக்கு இறங்கியதும் மீதி ரொக்கம். இறக்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிட்டால் பிறகு உடைவது நம் கணக்கு. விலை 80 என்று வைத்தோம். ஒன்றைப்போல் ஒன்று இல்லாத சரக்கு என்பதால் வாங்குவோர் முகம் சுளிக்கவில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒருமுறை நோயாளிப் பெண்ணோடு வந்த தாயிடம், “இதை மாட்டாவிட்டால் பேய் வீட்டுக்குள் வரும்” என்று நம் பையன் சொல்லிவிட்டான். உடனே தடுத்தோம். பக்திக்குப் பொருள் விற்கலாம். பயத்தை விற்கக் கூடாது.

கடல் கடந்தும்

மெக்சிகோ நாட்டில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாள். அதையொட்டி தொலூக்கா நகரில் கைவினைஞர்கள் கடைபோட்டு, சர்க்கரையில் செய்த மண்டையோடுகளை விற்கிறார்கள். அந்த விழாவை 2008-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்திலும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கைவேலைக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் செய்தவர் கைக்குக் காசு போனால்தான் அந்த வேலை நிலைக்கும்.

ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதையாக, ஓர் இரவு லாபத்துக்காகப் பல ஆண்டு உறவை இழக்க வேண்டாம். அடுத்த அமாவாசைக்குக் கடை போடும் நண்பர்கள் உடைந்த சரக்கு யார் கணக்கில் என்பதைச் சரக்கு எடுக்கும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.