வான்கோழி விழுங்கிய விதைகள்

ஒரு பறவை இவ்வுலகிலிருந்து மறைந்தால், அதனைத் தொடர்ந்து ஒரு மரமும் மறைந்துவிடுமா? இக்கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சியொன்று உலகெங்கும் புகழ் பெற்றது. பாடநூல்களிலும் இடம் பிடித்தது. எனினும் அவ்விடை சரியானதுதானா என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இந்துமாக் கடலிலே உள்ள மொரீஷியஸ் தீவில் டோடோ என்னும் பறவை வாழ்ந்து வந்தது. புறாக் குடும்பத்தைச் சேர்ந்த அதற்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. 1598இல் டச்சுக்காரர்கள் அத்தீவில் இறங்கினர். வேட்டையும், கப்பல்களில் வந்த எலி, பன்றி, குரங்கு ஆகியவையும் சேர்ந்து அப்பறவையினத்தை அழித்தன. 1662க்குப் பின்னர் அதனைக் கண்டதாக உறுதியான சான்று இல்லை. இன்று வாழும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நம் நிக்கோபார் தீவுகளில் வாழும் நிக்கோபார் புறாவே என்பதை 2002இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று.

அதே தீவிலே தம்பலக்கோக் என்றொரு மரமும் உண்டு. நமக்குப் பழக்கமான இலுப்பை, மகிழம், சப்போட்டா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் விதையைச் சுற்றியுள்ள ஓடு மிகத் தடித்தது, மிகக் கடினமானது.

1970களில் அங்கு பறவைப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டிருந்த அமெரிக்க உயிரியலாளர் ஸ்டான்லி டெம்பிள் இம்மரத்தைக் கவனித்தார். எஞ்சியிருப்பவை 13 மரங்களே என்றும், அவை அனைத்தும் 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்றும் அவர் கருதினார். டோடோ மறைந்ததும் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னர்தான் அல்லவா? டோடோவின் இரைப்பையில் அரைபட்டு ஓடு தேய்ந்தால்தான் இவ்விதை முளைக்கும் போலும் என்று அவர் எண்ணினார்.

டோடோவுக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக வான்கோழிகளைத் தேர்ந்தெடுத்து, 17 விதைகளை அவற்றிற்கு வலிந்து ஊட்டினார். 7 விதைகள் நொறுங்கின. எஞ்சிய 10 விதைகளை மண்ணில் ஊன்றியபோது 3 முளைத்தன! 1977இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் இச்செய்தி வெளியாயிற்று. ஒன்றை அழித்தால் மற்றொன்றும் அழியும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுமா என்று அனைவரும் வியந்தனர்.

ஆனால் வாசகர்களே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். வான்கோழி விழுங்காத விதைகளையும் அதே மண்ணில், அதே நீரூற்றி அவர் வளர்த்துப் பார்த்தாரா? இல்லை. விழுங்கப்படாத பத்து விதைகளில் எத்தனை முளைத்திருக்கும் என்பது தெரியாதபோது, விழுங்கியதனால்தான் மூன்று முளைத்தன என்று எவ்வாறு சொல்ல இயலும்?

1979இல் மொரீஷியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஒவாதாலி என்பவர் அதே இதழில் மறுப்பு எழுதினார். வான்கோழியின் உதவியின்றியே வனத்துறை இவ்விதைகளை முளைக்க வைத்து வருகிறது என்றார் அவர். நூறாண்டு கூட நிரம்பாத இளைய மரங்கள் பல உண்டு என்பதை 1941இல் வெளியான காட்டு ஆய்வினின்றும் எடுத்துக் காட்டினார். அம்மரம் அருகி வருவது மெய்யே. ஆனால் அதற்குக் காரணம் பல: காடழிப்பு, கனிகளைப் பாழாக்கும் குரங்கு, கன்றுகளை மேயும் மான், மண்ணைக் கிளறும் பன்றி, வெளியிலிருந்து வந்து பரவிய செடிகள் ஆகியவை அவற்றுட் சில.

இதனை வெறும் அறிஞர்களின் வாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மறைந்த பறவைதான் காரணம் என்று நம்பினால், இனி நம்மால் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று கைகட்டி இருந்துவிடுவோம். குரங்கும் மானும் பன்றியும் காரணமென அறிந்தால், வேலியிட்டுக் கன்றுகளைக் காப்போம். நோயைத் தவறாக அறிந்த மருத்துவம் நோயாளிக்குப் பயன்படுமா?

அப்படியானால் விலங்குகளுக்கும் விதைகளுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதுவும் மொரீஷியஸிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அத்தீவின் தென்கிழக்கே இல் ஓ எக்ரெட் என்னும் 26 ஹெக்டேர் பரப்புள்ள குறுந்தீவு இருக்கிறது. அங்கிருந்த கருங்காலி இன மரங்கள் விறகுக்காக வெட்டப்பட்டன. அவற்றின் கனிகளைத் தின்று விதை பரப்பிய பெரும் நில ஆமைகளும் முன்னரே அழிந்து போயின. கனிகள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடந்தன.

2000இல் அல்டாப்ரா தீவின் பெரும் ஆமைகளை அங்கே கொண்டுவந்து விட்டனர். அவை கனிகளைத் தின்று, மரமற்ற இடங்களில் விதைகளைக் கழித்தன. இம்முறை ஆய்வாளர்கள், ஆமை தின்ற விதைகளையும் தின்னாத விதைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். தின்ற விதைகளே மேலாக முளைத்தன. தீவில் புதிய கருங்காலிக் கன்றுகள் பரவலாக வேரூன்றின. 2011இல் இம்முடிவு வெளியாயிற்று.

இந்த ஒப்பீட்டு முறையை உங்கள் இல்லத்துப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். இருபது புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தினைக் கரடான கல்லில் ஒரு பக்கம் மட்டும், உள்ளிருக்கும் வெண்பருப்பு சற்றே தெரியும் வரை தேயுங்கள். மற்ற பத்தினை அப்படியே விடுங்கள். இரு தொட்டிகளில் ஒரே மண்ணை இட்டு, ஒரே அளவு நீர் தெளித்து, நாள்தோறும் எண்ணிக் குறித்து வரச் சொல்லுங்கள். எவை முந்துகின்றன என்பதை அவர்களே கண்டு சொல்லட்டும். அடுத்த முறை யாரேனும், "இதைச் செய்தேன், அதனால்தான் பலித்தது" என்று சொல்லக் கேட்டால், "செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று அப்பிள்ளைகள் கேட்பார்கள்.