காற்றை வெல்லும் மனக்கணக்கு

வெள்ளம் ஓடும் ஆற்றில் பரிசல்காரர் எப்படித் துறை சேருகிறார் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எதிர்க்கரைத் துறையை நேராகப் பார்த்து அவர் துடுப்புப் போடுவதில்லை. வெள்ளம் வரும் பக்கமாகச் சற்று மேலேயே செலுத்துவார். தண்ணீர் பரிசலைத் தள்ளிக்கொண்டு வந்து சரியாகத் துறையில் சேர்த்துவிடும்.

ஆகாய விமானிக்கும் இதே வேலைதான். ஆனால் பரிசல்காரர் வெள்ளத்தைக் கண்ணால் பார்க்கிறார். விமானிக்குக் காற்று கண்ணில் படாது! விமானத்தின் மூக்கு வடக்கே பார்த்துக்கொண்டிருக்கும். விமானமோ கிழக்கே ஒதுங்கிக்கொண்டே போகும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

மாணவ விமானிகளுக்கு இந்தக் காற்றுக் கணக்கை மனத்திலேயே போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். கணக்குப் போட வட்டத் தகடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒரு கை விமானத்தைப் பிடித்திருக்க, காற்றில் விமானம் குலுங்க, பென்சில் காலடியில் விழுந்தால் குனிந்து எடுப்பதுகூடச் சங்கடந்தான்.

60-க்கு ஒன்று

60 மைல் போவதற்குள் 1 மைல் விலகினால், திசையில் 1 டிகிரி தவறு. இதுதான் பால பாடம்.

விமானத்தின் வேகம் மணிக்கு 120 மைல். காற்றின் வேகம் 20 மைல் என்று வைத்துக்கொள்வோம். காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால், 120 மைல் போவதற்குள் விமானம் 20 மைல் ஒதுங்கும். 60 மைலுக்கு 10 மைல். ஆகவே விலகல் 10 டிகிரி.

காற்று சாய்வாக வந்தால்? அதற்குக் கடிகாரம் துணை. 15 நிமிஷம் கால் மணி. ஆகவே 15 டிகிரி சாய்வுக்குக் கால் பங்கு. 30-க்கு அரை, 45-க்கு முக்கால், 60-ம் அதற்கு மேலும் முழுப் பங்கு. காற்று வலப்புற முன்பக்கத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் வருகிறதா? பத்தில் பாதி ஐந்து. மூக்கை 5 டிகிரி வலப்புறம் திருப்பினால் போதும்.

எதிர்க்காற்றுக்கும் அதே கடிகாரந்தான். 90-ல் 30 போக 60, முழுப் பங்கு. 20 மைலையும் கழித்தால் தரை வேகம் 100. 50 மைல் தூரத்து ஊருக்கு 30 நிமிஷம். துல்லியமாகப் பார்த்தால் 17 மைல்தான் கழிய வேண்டும். அதனால் குடிமுழுகிப் போகாது. வித்தியாசம் ஒரு நிமிஷந்தான்.

வேண்டுமென்றே ஒரு தவறு!

இந்த வித்தையில் மன்னர் பிரான்ஸிஸ் சிச்செஸ்டர். 1931-ல் நியூஸிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகச் சிறு விமானத்தில் கடல் கடந்தார். ஒரே மூச்சில் போகப் பெட்ரோல் போதாது. வழியில் நார்போக் தீவு, பிறகு லார்ட் ஹவ் தீவு. நார்போக் தீவின் நீளமோ சுமார் 5 மைல்! தவறவிட்டால் சுற்றிலும் சமுத்திரம்.

அவர் தீவை நோக்கி நேராகப் போகவில்லை. வேண்டுமென்றே ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனார். சூரியனின் உயரத்தை அளந்து, தீவுக்குச் சமமான இடம் வந்ததும் சட்டென்று அதன் பக்கம் திரும்பினார். நேராகப் போய்த் தீவு தென்படாவிட்டால், இடப்பக்கம் தேடுவதா, வலப்பக்கம் தேடுவதா? ஒதுங்கிப் போனவருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. இரண்டு தீவுகளையும் பிடித்துவிட்டார்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படை இவரைப் பயன்படுத்திக்கொண்டது. சண்டை விமானத்தில் ஒரே ஆள். வழி சொல்லத் துணை கிடையாது. படத்தை விரிக்க இடமும் கிடையாது. அப்படிப்பட்ட விமானிகளுக்காக அவர் வழிகாட்டி நூல் எழுதினார். 1966-67-ல் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி 'ஸர்' பட்டம் பெற்றவரும் இவரே.

இன்று செயற்கைக்கோள்கள் வழி சொல்கின்றன. ஆனால் அண்மை ஆண்டுகளில் கருங்கடல், பால்டிக் பகுதிகளில் அந்த ஒலிபரப்பைக் குலைத்து, விமானங்களைத் திணறடித்தது உண்டு. பிரிட்டனில் லைசென்ஸ் பரீட்சையில், பாதி வழியில் பரீட்சகர் படத்தில் வேறோர் இடத்தைக் காட்டி, "அங்கே போங்கள்" என்பார். எந்தத் திசை, எத்தனை நிமிஷம் என்று மாணவர் பறந்துகொண்டே சொல்ல வேண்டும். சொன்ன நிமிஷத்தில் அந்த இடம் கீழே தென்பட வேண்டும்.