ரெண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்தா குடி நின்னுடுமா? முன்னாள் ராணுவ வீரர்களிடம் நடந்த சோதனைகள் சொல்வது என்ன?

திருவேற்காடு, ஆவடி பக்கம் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. கேன்டீன் கார்டில் மாதாமாதம் சலுகை விலையில் மதுவும் கிடைக்கும். வேலையில் இருந்தவரை அளவோடு இருந்தது ஓய்வுக்குப் பிறகு கைமீறும்போது, வீட்டில் எழும் முதல் கேள்வி: "இதுக்கு மாத்திரை இருக்கா?"

இருக்கிறது. டைசல்ஃபிராம் எடுத்தவர் குடித்தால், ஆல்கஹால் உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடு உடலில் தேங்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். நால்ட்ரெக்சோன் வேறு வழியில் வேலை செய்கிறது. குடித்தால் மூளைக்குக் கிடைக்கும் 'கிக்'கைக் குறைக்கிறது.

ஒன்று பயமுறுத்துகிறது, இன்னொன்று ஆசையை அடக்குகிறது. சேர்த்துக் கொடுத்தால் டபுள் பலன் கிடைக்க வேண்டுமே?

அமெரிக்காவில் குடிப்பிரச்சினையோடு மனநலப் பாதிப்பும் இருந்த 254 முன்னாள் வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2005இல் வெளியானது. மருந்து எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடத் தொடர்ச்சியாக அதிக வாரங்கள் குடிக்காமல் இருந்தார்கள். ஆனால், ரெண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, 1,383 பேரிடம் நடந்த 'கம்பைன்' ஆய்வில் நால்ட்ரெக்சோனுடன் அகாம்ப்ரோசேட்டைச் சேர்த்தபோதும் அதே கதைதான்.

அப்படியானால் எது பலன் தருகிறது? 1986இல் வெளியான ஓர் ஆய்வில் முன்னாள் வீரர்கள் 605 பேருக்கு டைசல்ஃபிராம் சோதிக்கப்பட்டது. ஒழுங்காக மாத்திரை போட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான்! குடியை முழுதாக விட்டவர்கள் அவர்களிடையேதான் அதிகம்.

நம் ஊர் விடை மும்பையில் கிடைத்தது. அங்கே 100 ஆண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று குடும்பத்தினர் பார்த்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் டைசல்ஃபிராம் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். நால்ட்ரெக்சோனில் 44 சதவீதம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் குடும்ப ஆதரவு உள்ளவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தனியாக வாழும் ஒரு ரிட்டயர்டு ஹவில்தாருக்கு இதே கணக்கு பொருந்தாது.

குடும்பம் பக்கத்தில் இருப்பது வேறு, தெரியாமல் சாம்பாரில் மாத்திரையைக் கலப்பது வேறு. அது தெரியாமல் அவர் ரெண்டு பெக் போட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் இந்த மருந்தைத் தொடங்கவே வேண்டும். கல்லீரல், இதயம் பார்க்காமல் டாக்டர்கள் எழுத மாட்டார்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதற்கும் மருத்துவக் கண்காணிப்பு தேவை.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகப் போனால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. அங்கே போதை மீட்பு சிகிச்சை உண்டு. நேரில் போகும் முன் பேசிப் பார்க்க, தேசிய போதை மீட்பு உதவி எண் 14446.