டிக்கெட்டுக்கு விலை காசா, தூக்கமா, அதிர்ஷ்டமா?

எனக்கு ஊரு சுருளிப்பட்டி. கூடைப்பந்து கிறுக்கு பிடிச்சது பெரியகுளத்துல. அங்க வருஷா வருஷம் மே மாசம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்தியப் போட்டி நடத்துது. ராணுவம், கடற்படை, ரயில்வேன்னு பெரிய பெரிய டீம் வந்து ஆடும். காலேஜ் படிக்கிறப்போ நாங்க மூணு பேரு கம்பம், தேனின்னு பஸ் மாறி மாறிப் போவோம். ஆனா ஃபைனல் முடியிறதுக்குள்ள எந்திரிச்சிருவோம். ஊருக்குக் கடைசி பஸ்ஸை விட்டா, விடியிற வரைக்கும் கம்பம் பஸ் ஸ்டாண்டுதான்.

இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான். ஒரு மேட்சைப் பார்க்க மாணவர்கள் என்ன விலை கொடுக்கிறாங்க?

அமெரிக்காவுல வடக்கு கரோலினா மாநிலத்துல டியூக் பல்கலைக்கழகம் இருக்கு. அவங்களோட கேமரன் உள்ளரங்கத்துல 9,314 பேர்தான் உக்கார முடியும். அதுல ஒரு பகுதி இளநிலை மாணவர்களுக்கு. அவங்களுக்கு டிக்கெட் காசே கிடையாது, ஐடி கார்டு போதும். ஆனா பக்கத்து ஊர் எதிரியான வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் வந்து ஆடுற அன்னைக்கு, இருக்கிற இடத்தை விட ஆசைப்படுறவங்க பல மடங்கு. இலவசம்னு ஆயிட்டா, யார் உள்ள போறதுன்னு வேற ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணியாகணும் இல்லையா?

டியூக்ல அதை முடிவு பண்றது தூக்கம். 1986-ல சில மாணவர்கள் மேட்சுக்குச் சில நாள் முன்னாடியே அரங்கத்துக்கு வெளிய கூடாரம் போட்டு வரிசையில இடம் பிடிச்சாங்க. அது அப்படியே வழக்கமாகிப் போச்சு. அப்போதைய பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி பேரை வச்சு அந்த இடத்துக்கு 'ஷஷெவ்ஸ்கிவில்'னு பேரு. இப்போ ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரைக்கும் சேரலாம். முறை போட்டுக் காவல் இருப்பாங்க. பகல்ல கொஞ்சம் பேர் இருந்தா போதும், ராத்திரி நிறைய பேர் படுக்கணும். வரிசையைப் பார்த்துக்கிற மாணவர்கள் திடீர்னு வந்து தலை எண்ணுவாங்க. தேவையான ஆள் இல்லாம மாட்டிக்கிட்டே இருந்தா, கூடாரம் வரிசைக் கடைசிக்குப் போயிரும். இதெல்லாம் ஜனவரி குளிர்ல, வாரக்கணக்கா!

எதிர் டீமான வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் அங்க இருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். அங்க மாணவர் டிக்கெட்டுக்கு ஆன்லைன்ல பேர் கொடுக்கணும், குலுக்கல்ல விழுந்தா உண்டு. ராத்திரி முழிக்க வேண்டாம். ஆனா வெறித்தனமான ரசிகனுக்கும், சும்மா பேர் கொடுத்தவனுக்கும் ஒரே வாய்ப்புதான்.

நம்ம சேப்பாக்கத்துல ரெண்டு முறையும் பார்த்தாச்சு. 2023-ல சிஎஸ்கே டிக்கெட்டுக்கு ராத்திரியெல்லாம் கவுன்ட்டர்ல நின்னாங்க. 2024-ல ஆன்லைன் மட்டும்தான், குறைஞ்ச விலையே 1,700 ரூபாய். இங்க காசும் வேணும், இணைய வரிசையில அதிர்ஷ்டமும் வேணும். மாணவர்னு தனி வரிசை இல்ல.

இதுல எது நியாயம்? காசு வச்சா இல்லாதவன் வெளிய. குலுக்கல் வச்சா யாருக்கு எவ்வளவு ஆசைன்னு பார்க்காது. நேரம் வச்சா ஆசைப்பட்டவன் ஜெயிப்பான்னு தோணும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோணுச்சு. ஆனா சாயங்காலம் பார்ட் டைம் வேலைக்குப் போற பையன் எப்படிக் கூடாரத்துல படுப்பான்? 12 பேர் மாத்தி மாத்தி இருக்கலாம்ங்கிற விதி அவனுக்குக் கொஞ்சம் உதவும். முழுசா உதவாது.

காலேஜ் கடைசி வருஷம், என்ன ஆனாலும் ஃபைனலை முழுசாப் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணினோம். கடைசி விசில் வரைக்கும் இருந்தோம். கம்பம் பஸ் ஸ்டாண்டுல கொசுக்கடியில விடிஞ்சுது. அதுதான் எங்க டிக்கெட்.

ஆனா அன்னைக்கு நாங்க ரெண்டு பேருதான். மூணாவது ஆளுக்குக் காலையில திராட்சைத் தோட்டத்துல காய் வெட்டுற வேலை. பாதியிலயே பஸ் ஏறிட்டான். எங்க மூணு பேர்ல பந்தை ஒழுங்காப் போடத் தெரிஞ்சவன் அவன்தான்.