விடியற்காலைச் சொப்பனம்

மரத்தில் பால் தாராளமாகச் சுரப்பது வெயில் ஏறாத குளிர்ந்த வேளையிலேயே ஆதலால், கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் இருட்டோடு எழுந்து அடுப்பை மூட்டிவிடுகிறார்கள். தேநீர் கொதிக்கும்வரை லயத்து வாசலில் நடக்கும் பேச்சில் இரவு கண்ட சொப்பனத்துக்கும் ஓர் இடமுண்டு. பல் விழக் கண்டால் உறவில் ஒரு சாவு, கல்யாணம் கண்டால் இழவு, இழவு கண்டால் ஆயுள் விருத்தி, பாம்பு வந்தால் சாமிக்கு நேர்ந்த கடன் பாக்கி என்று அவர்கள் அடுக்கும் விதிகளைக் கேட்டால், சொப்பனத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டென்றே தோன்றும்.

எட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பெண்ணொருத்தி சொன்னாள்: “மரத்துல கத்திய வச்சா பாலு வரல, மழத் தண்ணியா ஊத்துது. செரட்டைய எடுத்தா அது எங்கம்மா கஞ்சி ஊத்துற கோப்ப. செத்துப்போன அம்மா அங்கனயே நிக்குது, ‘இன்னைக்கும் அரைப்பேருதானா புள்ள’ன்னு கேக்குது.”

சிரட்டை கோப்பையாவதற்கு எந்தத் தர்க்கமும் இடங்கொடாது. ஆயினும் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் முழுநாட் சம்பளமாகிய முழுப்பேர் விழாது, பேர் விழாவிட்டால் கஞ்சிக்கும் முட்டு என்ற கவலை, அந்தக் குழப்பம் முழுவதிலும் அறுபடாமல் ஓடுவதைக் காணலாம்.

உறங்குபவரின் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒருவகை நித்திரை உண்டென்பதையும், அதனின்று எழுப்பப்பட்டவர்கள் தெளிவான கனவுகளைக் கூறுவதையும் 1953இல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைற்மனும் வெளியிட்டார்கள். அந்த நித்திரையின்போது மூளைத்தண்டு இலக்கின்றி எழுப்பும் கிளர்ச்சிகளை மேல்மூளை தனக்குத் தெரிந்த கதையாகப் பின்னிக்கொள்வதே சொப்பனம் என்று 1977இல் ஹாப்சனும் மக்கார்லியும் வாதித்தனர்; மார்க் சோம்ஸ் என்பவரோ, முன்மூளையின் சில பகுதிகள் பழுதுற்ற நோயாளிகளுக்கு அந்த நித்திரை குலையாதிருக்கவும் கனவு மட்டும் நின்றுபோவதைக் கண்டு, அந்த வாதத்தை மறுத்தார். காட்சிகள் யதேச்சையாக வந்து விழுந்தாலும், அவற்றைக் கோப்பது கண்டவரின் சொந்தக் கவலையே என்பது என் கட்சி.

பொன்னவன் இயற்றியதாகக் கூறப்படும் ‘கனா நூல்’, முதற்சாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாஞ்சாமத்தது எட்டு மாதத்திலும், மூன்றாஞ்சாமத்தது மூன்று மாதத்திலும், விடியற்காலத்தது பத்து நாளிலும் பலிக்குமென்று வகுக்கிறது. பலனை நான் நம்பவில்லை. ஆனால் விடியற்காலத்தைத் தனியே பிரித்த கூர்மையை மெச்சாமலிருக்க முடியவில்லை. ஏனெனில் விழியசைவு நித்திரை முன்னிரவில் சில நிமிஷங்களே நீடித்து, விடியலை நெருங்க நெருங்க அரைமணி நேரமளவுக்கும் வளர்கிறது. அதன் நடுவில் விழித்தெழுகிறவளுக்குக் கனவு கலையாமல் ஞாபகத்தில் நிற்கிறது. அது பலிப்பதுபோலத் தோன்றுவதற்கும் காரணமுண்டு: அடுத்தடுத்த காம்பராக்களில் இத்தனை குடும்பங்கள் ஒட்டி வாழும் லயத்தில், அவர்களுடைய உறவினர் பல தோட்டங்களிலும் பரந்திருக்க, பத்து நாளுக்குள் எங்கிருந்தேனும் ஒரு சாவுச் செய்தி வருவது ஆச்சரியமன்று. அது வந்துவிட்டால், கல்யாணக் கனவு கண்டவளைத் தேடிவந்து “நீ அன்னைக்கே சொன்னியே” என்பார்கள். வராவிட்டால் அந்தக் கனவைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை.