குளிரை எண்ணிப் பூக்கும் பூக்கள்

பிப்ரவரி மாதம். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் மரங்கள் இலையின்றி நிற்கின்றன. புல்மீது உறைபனி படிந்திருக்கிறது. அந்தக் குளிரிலும் மரத்தடியில் சிறு வெள்ளைப் பூக்கள் தலை கவிழ்ந்து பூத்திருக்கின்றன. அவை ஸ்னோட்ராப் பூக்கள். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூமலைக்கு ரப்பர்க் கன்றுகளை அனுப்பிய அதே பூங்காதான் இது.

வெயில் வரும்வரை காத்திருக்காமல் இந்தப் பூக்கள் ஏன் அவசரப்படுகின்றன?

வெளிச்சத்துக்கான போட்டி

மரங்கள் துளிர்த்துவிட்டால் தரையில் நிழல் விழுந்துவிடும். அதற்குள் சிறு செடிகள் சூரிய ஒளியைப் பெற்று, பூத்து, விதை உண்டாக்கி, அடுத்த ஆண்டுக்கான உணவையும் சேமிக்க வேண்டும். அந்த உணவு மண்ணுக்கடியில் உள்ள குமிழத்தில் இருக்கிறது. குமிழம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? வீட்டில் ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். அடுக்கடுக்காக இருப்பவை உணவைச் சேமித்த இலைப்பகுதிகள்.

செடிக்கு நாள்காட்டி ஏது?

மண்ணுக்குள் இருக்கும் குமிழத்துக்குக் காலம் எப்படித் தெரியும்? வெப்பம் மட்டுமே அடையாளம் என்றால், குளிர்காலத்துக்கு முன்பே வரும் ஒரு வெதுவெதுப்பான வாரம் அதை ஏமாற்றிவிடும். அதனால் பல செடிகள் முதலில் குளிரை 'எண்ணுகின்றன'. டியூலிப் குமிழத்துக்கு ஏறத்தாழ 3 மாதக் குளிர் தேவை. அந்தக் கணக்கு முடிந்த பிறகு வரும் வெப்பத்தையே அது வசந்தம் என்று ஏற்றுக்கொள்ளும். நம் ஊர் மண்ணில் டியூலிப்பை அப்படியே நட்டால் சரியாகப் பூக்காததற்குக் காரணம் இதுதான். இங்கு மலர்க்கண்காட்சிக்கு வைக்கப்படும் டியூலிப் குமிழங்களும் முன்கூட்டியே குளிரைக் கண்டிருக்க வேண்டும்.

கணக்கு தவறினால்?

பூமி சூடாகும்போது இந்தக் காலக்கணக்கு மாறுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் 406 வகைத் தாவரங்கள் முதலில் பூத்த நாள்களை ஒப்பிட்டு, 2022இல் முடிவை வெளியிட்டனர். 1986 வரையிலான சராசரியைவிட, 1987 முதல் 2019 வரை அவை ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே பூத்துள்ளன.

சீக்கிரம் பூத்தால் நல்லதுதானே என்று நினைக்கிறீர்களா? குளிரைத் தாங்கும் ஸ்னோட்ராப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் முன்னதாகவே பூத்துவிட்ட ஆப்பிள் மரத்தின்மீது திடீரென உறைபனி விழுந்தால் பூக்கள் கருகிவிடும். அந்த ஆண்டு விளைச்சலும் போய்விடும். பூ மலரும் நாளும் தேனீ வெளிவரும் நாளும் பொருந்தாவிட்டால், தேனீக்கு உணவில்லை. பூவுக்கு மகரந்தச் சேர்க்கையும் இல்லை.

இந்த ஆய்வுக்கு உதவியவற்றில் பெரும்பகுதி சாதாரண மக்கள் எழுதிவைத்த குறிப்புகளே. நீங்களும் தொடங்கலாம். நம் சாலையோர டிரம்பட் மரங்கள் குளிரை எண்ணுவதில்லை. வறண்ட நாள்களுக்குப் பின் மழை வந்ததும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். உங்கள் பள்ளிக்கு அருகில் அவை பூக்கும் முதல் நாளைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் குறித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.